சிவப்பு ஒயின் சேர்த்த சாக்லேட் சாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்லேட் சாஸில் ஒயினை ஏன் சேர்க்க வேண்டும்? பாலும் கிரீமும் போதாதா?

போதும். ஆனால் கிரீமும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த சாக்லேட் சாஸ் இரண்டு கரண்டிக்கு மேல் திகட்டிவிடும். ஒயினில் உள்ள புளிப்பு அந்தத் திகட்டலை அறுக்கிறது. அதன் பழமணம் கோக்கோவின் கசப்புக்கு அடியில் தங்கி, விழுங்கிய பிறகும் வாயில் நிற்கிறது. இவை இரண்டும் பொருந்திப் போவதற்குக் காரணம் உண்டு. கோக்கோ விதைகளையும் அறுவடைக்குப் பின் பல நாள் குவித்து வைத்து நொதிக்கச் செய்துதான் உலர்த்துகிறார்கள் என்பதால், நல்ல கறுப்புச் சாக்லேட்டில் இயல்பாகவே மெல்லிய புளிப்பும் பழவாசனையும் இருக்கின்றன.

இந்தப் பொருத்தத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒயினும் துவர்க்கும், கோக்கோவும் துவர்க்கும். இரண்டு துவர்ப்பும் கூடினால் நாக்கு வறண்டு, வாழைப்பூவைச் சமைக்காமல் மென்றது போல ஆகிவிடும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தத் துவர்ப்பை அடக்குவது பற்றியவையே.

ஆறு முதல் எட்டுப் பேருக்கு என்னென்ன அளவுகள் வேண்டும்?

சிவப்பு ஒயின் 300 மி.லி., கோக்கோ 60 முதல் 65 சதவீதம் உள்ள கறுப்புச் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 60 கிராம், கோக்கோ தூள் ஒரு மேசைக்கரண்டி, கிரீம் 100 மி.லி., உப்பில்லாத வெண்ணெய் 20 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோப்பைக்கும் சற்று மேற்பட்ட சாஸ் கிடைக்கும். சர்க்கரையின் அளவை மட்டும் இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். அது ஒயினைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும்.

எந்த வகை ஒயின் ஏற்றது?

துவர்ப்புக் குறைந்ததும் பழச்சுவை நிறைந்ததுமான ஒயினே ஏற்றது. மெர்லோ, ஜின்ஃபண்டல், மால்பெக், மென்மையான ஷிராஸ் ஆகியவை நன்றாக வரும். கேபர்னே சாவின்யோன் இயல்பிலேயே, துவர்ப்பைத் தரும் பொருளாகிய டானின் மிகுந்தது. அதிலும் ஓக் மரப் பீப்பாயில் நெடுநாள் வைத்த கேபர்னேயைச் சுண்டக் காய்ச்சினால், கோப்பையில் கம்பீரமாக இருந்த அதே துவர்ப்பு சாஸில் முரட்டுத்தனமாக நிற்கும். விலை உயர்ந்த புட்டி நல்ல சாஸைத் தரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. விலைக்குக் காரணமான நுண்ணிய நறுமணங்கள் கொதியின் முதல் சில நிமிடங்களிலேயே ஆவியாகிவிடுவதால், குடிப்பதற்கு இனிதாக இருக்கும் நடுத்தர விலை ஒயினே போதுமானது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத்திலிருந்து வரும் ஷிராஸ், ஜின்ஃபண்டல் வகைகள் இதற்கு முற்றிலும் போதும். கேபர்னேயும் ஷிராஸும் கலந்த ஒயின்தான் கிடைக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம். கிரீமை 20 மி.லி. கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ரூசியோன் பகுதியில் பன்யுல்ஸ் என்றொரு இனிப்பு ஒயின் உண்டு. திராட்சை நொதித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரையில் ஒரு பகுதி அதிலேயே தங்கிவிடுகிறது. சாக்லேட்டுக்குத் துணையாக அங்குள்ளவர்கள் முதலில் சொல்லும் ஒயின் அதுதான். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் தயாராகும் போர்ட்டும் இதே முறையில் உருவாவதுதான். இவ்விரண்டில் ஒன்று கிடைத்தால் 200 மி.லி. எடுத்துப் பாதியாகச் சுண்டவைத்தாலே போதும். சர்க்கரையை 20 கிராமுக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்காது. போர்ட்டில் மதுச்சத்து 20 சதவீதம் அளவுக்கு இருப்பதால் சூடாகும்போது எழும் ஆவியில் எரிவாயு அடுப்பின் தீ பற்றக்கூடும். ஆகவே அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றி, பிறகு சிறு தீயில் தொடங்குங்கள்.

திறந்து வைத்திருந்த பழைய புட்டியைப் பயன்படுத்தலாமா?

மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் நான்கைந்து நாள் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். காடியின் நெடி அடித்தாலோ, நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாடை வந்தாலோ வேண்டாம். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்பக்கூடாது. ‘சமையல் ஒயின்’ என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பாலும் உப்புச் சேர்த்திருப்பார்கள். சுண்டும்போது அந்த உப்பும் செறிந்துவிடும் என்பதால் அது இந்தச் சாஸுக்கு ஆகாது.

ஒயினைச் சுண்டக் காய்ச்சாமல் அப்படியே ஊற்றினால் என்ன?

இந்தச் சாஸ் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான் முடிவாகிறது. சாக்லேட்டை உருக்குவதில் காட்டும் கவனத்தைப் போல இரு மடங்கு கவனத்தை ஒயின் பாத்திரத்தில் காட்ட வேண்டும்.

ஒயினில் பெரும்பகுதி தண்ணீர். காய்ச்சாமல் சேர்த்தால் சாஸ் நீர்த்துப் போவதுடன், சாராய நெடி தொண்டையைக் கரகரக்கச் செய்யும். காய்ச்சும்போது தண்ணீரும் மதுச்சத்தும் வெளியேறுகின்றன. ஆனால் ஒயினின் முதன்மையான புளிப்பாகிய டார்டாரிக் அமிலம் ஆவியாவதில்லை. டானினும் நிறமியும் சர்க்கரையும் ஆவியாவதில்லை. லிட்டருக்கு 6 கிராம் அமிலம் உள்ள ஒயினை 300 மி.லி.யிலிருந்து 120 மி.லி.க்கு இறக்கினால், மிஞ்சுகிற திரவத்தில் அமிலம் லிட்டருக்கு 15 கிராம் என்ற செறிவுக்கு ஏறிவிடுகிறது. துவர்ப்பும் அதே கணக்கில் ஏறும். எனவே ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது அது இப்போது எப்படி இருக்கிறது என்பதை விட, இரண்டரை மடங்கு செறிந்தால் எப்படி இருக்கும் என்பதையே நினைத்துப் பார்க்க வேண்டும்.

300 மி.லி.யை 120 மி.லி. வரை இறக்குவதே என் பரிந்துரை. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோனால் ஜாம் வாடையும் கசப்பும் தலைதூக்கும். அளவைக் கண்ணால் மதிப்பிடுவது எளிதன்று. சமையல் தராசு இருந்தால் வேலை சுலபமாகும். வெறும் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு, அதனுடன் 120 கிராம் கூடுதலாகக் காட்டும்போது இறக்கிவிடுங்கள். தராசு இல்லையென்றால், முதலில் 120 மி.லி. தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு மரக்கரண்டியின் காம்பை நிமிர்த்தி நிறுத்தி, நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

அகலமான பாத்திரத்தில் மிதமான தீயில் 12 முதல் 18 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் சிறுசிறு குமிழ்கள் சலசலவென்று எழும். இறுதி நெருங்கும்போது குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக வெடித்து, பளபளப்பாகத் தெரியும். பாத்திரத்தின் ஓரத்தில் ஊதா நிறப் படிவு காய்ந்து கருகத் தொடங்கினால் அதை உள்ளே சுரண்டிவிடாதீர்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம், தீயைக் குறையுங்கள்.

சர்க்கரையை ஒயினுடன் முதலிலேயே சேர்த்துவிடலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. ஆயினும் சுண்டிய பிறகு சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். சர்க்கரை கலக்காத, சுண்டிய ஒயினை ஒரு துளி ஆறவைத்து நாக்கில் வைத்துப் பார்த்தால்தான், அந்த ஒயின் எவ்வளவு புளிக்கிறது, எவ்வளவு துவர்க்கிறது என்பது தெரியும். அதைப் பார்த்து 40 கிராமா, 80 கிராமா என்று முடிவு செய்யலாம். மேலும், சர்க்கரை கலந்த திரவம் ஓரங்களில் எளிதில் தீய்ந்துவிடும்.

எந்தப் பாத்திரம்?

அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், அல்லது எனாமல் பூசியது. பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் ஒயினின் அமிலத்தோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொடுக்கும்.

எப்படிப்பட்ட சாக்லேட் வாங்க வேண்டும்?

உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கோக்கோ வெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்று இருந்தால் அது காம்பவுண்ட் எனப்படும் கலவை. கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் பெரிய பாளங்களாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வார்ப்பு மிட்டாய்களுக்கு அது வசதியானது. ஒயின் சாஸில் அது நாக்கின் மேல் மெழுகுபோலப் படிந்துகொள்வதால், சேர்த்த ஒயினின் மணம் மேலே வருவதில்லை.

60 முதல் 65 சதவீதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 80 சதவீதச் சாக்லேட்டின் துவர்ப்பும் ஒயினின் துவர்ப்பும் மோதிக்கொள்ளும். பால் சாக்லேட்டிலோ ஒயின் இருப்பதே தெரியாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோக்கோவிலிருந்து செய்த சாக்லேட்டுகள் இப்போது கிடைக்கின்றன. வாங்குமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால், மென்மையான மெர்லோவையும் சற்றுக் கூடுதலான கிரீமையும் துணைக்குச் சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் உருகி மீண்டும் இறுகியதால் மேலே வெண்மை பூத்திருந்தால் கவலை வேண்டாம். அது மேலே வந்த கொழுப்பு மட்டுமே, சாஸில் கரைந்துவிடும்.

கோக்கோ தூளில் இரண்டு வகை உண்டு. இயல்பான தூள் சற்றுப் புளிக்கும். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய ‘டச்சு’ வகை அடர்நிறமாகவும் மென்மையாகவும் இருக்கும். ஒயினில் ஏற்கெனவே புளிப்பு இருப்பதால் டச்சு வகையே பொருத்தம்.

எந்த வரிசையில் சேர்க்க வேண்டும்?

சுண்டிய ஒயினை மீண்டும் மிதமான தீயில் வைத்து, சர்க்கரை, உப்பு, கோக்கோ தூள் ஆகியவற்றைச் சேர்த்து, விஸ்க்கால் கட்டியில்லாமல் அடித்து, ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கோக்கோவில் உள்ள மாவுச்சத்து வெந்து சாஸுக்கு அடர்த்தி கொடுப்பது இந்த ஒரு நிமிடத்தில்தான். பிறகு கிரீமை ஊற்றி, ஓரத்தில் குமிழ் தோன்றும் வரை மட்டும் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய சாக்லேட்டைத் தூவி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி மெதுவாகக் கலக்குங்கள். முதலில் திட்டுத்திட்டாக, கலங்கலாகத் தெரிவது திடீரென்று ஒன்றுகூடிப் பளபளக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுதுண்டாகச் சேர்த்துக் கரையுங்கள்.

கிரீமில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 25 சதவீதம் உள்ள பெட்டிக் கிரீமைச் சுண்டிய ஒயினில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரைந்துபோக வாய்ப்பு உண்டு. அதுதான் கையில் இருக்கிறது என்றால், சாக்லேட் முழுவதும் கரைந்த பிறகு, அறைச் சூட்டில் உள்ள கிரீமைக் கடைசியாகக் கலக்குங்கள். பாலை இதற்குப் பதிலாக ஊற்ற வேண்டாம். கொழுப்புக் குறைவாகவும் புரதம் கூடுதலாகவும் இருப்பதால் பால் ஒயினின் அமிலத்தில் உடனே திரைந்துவிடும்.

ஈரம் பட்டால் சாக்லேட் கட்டிதட்டும் என்கிறார்களே, இதில் இவ்வளவு ஒயின் ஊற்றுகிறோமே?

சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் கோக்கோத் துகள்களும் சர்க்கரைத் துகள்களும்தான். உருகிய சாக்லேட்டில் சில சொட்டு நீர் விழுந்தால், அந்தத் துகள்களின் மேற்புறம் மட்டும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மணல்போல இறுகிவிடுகின்றன. நீர் தாராளமாக இருந்தால் சர்க்கரை முழுவதும் கரைந்து, துகள்கள் விலகி, வழவழப்பான கலவை உண்டாகிறது. 60 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டியாவது நீர்மம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடர்த்தியான சாக்லேட்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மேலே சொன்ன அளவில் அதைவிடப் பல மடங்கு இருப்பதால் அந்த அச்சம் இல்லை. உருகிய சாக்லேட்டில் ஒயினைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் ஆபத்து. எப்போதும் சூடான திரவத்தில் சாக்லேட்டைப் போடுங்கள்.

சாஸில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. என்ன செய்வது?

புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து வந்தால் பதம் வந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கிறோம். இங்கே அது நேர்மாறான அறிகுறி. சூடு மிகுந்ததாலோ, நீர் போதாததாலோ கோக்கோ வெண்ணெய் கலவையிலிருந்து வெளியேறியிருக்கிறது. வெண்ணெய் சேர்த்தால் நிலைமை மோசமாகும். தீயிலிருந்து இறக்கி, வெதுவெதுப்பான கிரீமையோ வெந்நீரையோ ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு, நடுவில் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் விடாமல் அடியுங்கள். அந்த இடம் பளபளப்பானதும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். கைப் பிளெண்டர் இருந்தால் அரை நிமிட வேலை.

புளிப்பு அல்லது துவர்ப்பு மிகுந்துவிட்டால் சிறிது சமையல் சோடா போடலாமா?

கூடாது. சிவப்பு ஒயினின் நிறமி அமிலத்தில் சிவந்தும், காரத்தில் நீலமும் சாம்பலுமாகவும் மாறும் இயல்புடையது. சோடா போட்டால் நிறம் செத்துப்போவதுடன் சவர்க்காரச் சுவையும் வந்து சேரும். புளிப்பு மட்டும் மிகுதி என்றால் சர்க்கரையோ தேனோ ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள். துவர்ப்பு மிகுதி என்றால் சர்க்கரையால் பயனில்லை. கிரீம் சேர்க்க வேண்டும், ஏனெனில் பாற்புரதம் டானினைப் பற்றிக்கொள்கிறது. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது இதனால்தான். கசப்பு மிகுதி என்றால் இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள்.

காய்ச்சினால் மதுச்சத்து முழுவதும் போய்விடுமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

முழுவதும் போவதில்லை. மதுச்சத்து 78 பாகை செல்சியஸில் கொதிக்கிறது என்பதை வைத்து, கொதி வந்ததும் அது மறைந்துவிடும் என்று பலர் கருதுகிறார்கள். தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து 15 நிமிடம் கொதிக்கவைத்தால் 40 சதவீதமும், 30 நிமிடத்தில் 35 சதவீதமும், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதமும் எஞ்சுகின்றன. மூடாத அகலப் பாத்திரத்தில் ஒயினை மட்டும் பாதிக்கும் கீழாகச் சுண்டவைக்கும்போது இழப்பு இதைவிட மிகுதி. ஆனாலும் எஞ்சியது சுழியம் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே குழந்தைகள், கருவுற்றிருப்பவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள், சமயக் கட்டுப்பாட்டால் மதுவைத் தவிர்ப்பவர்கள் ஆகியோருக்கு இதைப் பரிமாற வேண்டாம். விருந்தில் வைப்பதானால் ஒயின் சேர்ந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. ‘காய்ச்சியதுதானே’ என்று சொல்லாமல் பரிமாறுவது விருந்தினரின் முடிவை நாம் எடுத்துக்கொள்வதாகும்.

ஒயினே இல்லாமல் இதற்கு நெருக்கமான சுவை கிடைக்குமா?

கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத கறுப்புத் திராட்சைச் சாறு 200 மி.லி., கடுமையான பாலில்லாத் தேநீர் 100 மி.லி. இரண்டையும் கலந்து 120 மி.லி.க்குச் சுண்டவைத்து, இறக்கியபின் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். பழச்சுவையைச் சாறும், ஒயினின் துவர்ப்பைத் தேநீரும் ஈடுகட்டும். திராட்சைச் சாற்றிலேயே சர்க்கரை ஏராளமாக இருப்பதால் தனியாகச் சர்க்கரை வேண்டாம். மாதுளைச் சாறும் நன்றாக வரும். எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயினில் செய்யலாமா?

செய்யலாம், நன்றாகவே இருக்கும். அது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலாகவும், பட்டை, கிராம்பு மணத்தோடும் இருக்கும் என்பதால், வடிகட்டிய தெளிவை மட்டும் எடுத்துப் பாதியாகச் சுண்டவையுங்கள். சர்க்கரையையும் மசாலாவையும் சேர்க்க வேண்டாம்.

மசாலா சேர்ப்பதுண்டா?

சாதாரண ஒயினில் செய்யும்போது, சுண்டுகையில் ஒரு சிறு துண்டுப் பட்டையும், வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்றும் போட்டு, பிறகு எடுத்துவிடலாம். ஏலக்காய் வேண்டாம் என்பது என் கருத்து. அது வந்த இடத்தில் ஒயினின் மணம் எடுபடாது.

எதனுடன் பரிமாறுவது?

ஒயினிலோ சர்க்கரைப் பாகிலோ வேகவைத்த பேரிக்காய், வெனிலா ஐஸ்கிரீம், மைதா சேர்க்காத சாக்லேட் கேக், செர்ரி, ஸ்ட்ராபெரி, பழுத்த அத்திப்பழம் ஆகியவற்றுடன் பொருந்தும். பால்கோவா, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்புகளின் மேல் ஊற்றுவதில் இரண்டுக்கும் இழப்புத்தான்.

இறைச்சிக்கும் இதே சாஸைப் பயன்படுத்தலாமா?

இதே சாஸை அன்று. இதன் உறவுமுறையில் உள்ள வேறொன்றை. இத்தாலியின் டஸ்கனியில் காட்டுப்பன்றிக் கறியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்து, சாக்லேட், காடி, உலர்திராட்சை, பைன் பருப்பு ஆகியவற்றால் முடிக்கும் ‘டோல்செஃபோர்த்தே’ என்ற பழைய முறை இருக்கிறது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் கொட்டைப் பருப்புகளையும் வறுத்த ரொட்டியையும் பூண்டையும் இடித்துக் குழம்பில் கலக்கும் விழுதில் சில வேளை சாக்லேட்டும் இடம்பெறுகிறது. வீட்டில் செய்ய, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, 300 மி.லி. ஒயினை ஊற்றி மூன்றில் ஒன்றாகச் சுண்டவைத்து, உப்பில்லாத எலும்புச்சாறு 400 மி.லி. சேர்த்து மீண்டும் பாதியாக்கி, இறக்கியபின் 70 சதவீதச் சாக்லேட் 15 கிராம் மட்டும் கரையுங்கள். சாக்லேட்டின் சுவை தனியாகத் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். வாத்துக்கும் ஆட்டுக்கறிக்கும் இது சேரும், கோழிக்குச் சற்றுக் கனம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மூடிய கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம், உறைநிலையில் இரண்டு மாதம். குளிரில் கோக்கோ வெண்ணெய் இறுகுவதால் சாஸ் கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி, இடையிடையே கலக்கினால் இளகும். சூட்டில் சரியாக இருப்பதாகத் தோன்றும் சாஸ் ஆறியபின் தடித்துவிடும் என்பதால், முதல் நாளே குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி செய்பவர்கள் ஒயினை மட்டும் ஒரு புட்டி அளவில் சுண்டவைத்து, பனிக்கட்டித் தட்டில் உறையவைத்துக்கொள்ளலாம். அதன்பின் சாஸ் செய்ய பத்து நிமிடம் போதும்.